முந்நூற்றுப் பன்னிரண்டாம் பிரிவு, ரங்கூன் கிளை

ரங்கூனுக்கு நான் போனது அத்தைக்கு இட்லிக் குக்கர் கொடுக்க. வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்ன அதிகாரியிடமும் அதையே சொன்னேன். அவர் மூடியைத் திறந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, குழிகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தட்டிலும் ஏன் மூன்று துளை என்று சைகையில் கேட்டார். ஆவி வர என்று நானும் சைகையில் சொன்னேன். ஆவி என்பதை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, சட்டென்று மூடி என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

உண்மையில் தடைசெய்யப்பட்ட சரக்கு என் மண்டைக்குள் இருந்தது. அதை ஸ்கேன் செய்யும் இயந்திரம் இன்னும் வரவில்லை.

விஷயம் இதுதான். அத்தை மகள் சந்திரா மதினி, விபிஎன் போட்டு, வெட்டி வெட்டி வந்த ஒரு அழைப்பில் கேட்டாள்: "அனு, நீ சட்டம் படிச்ச புள்ளைதானே. உங்க ஊர்ல புள்ளை வேணாம்னா போலீசு புடிக்குமா?" முப்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், திட்டமிடாத மூன்றாவது. வேண்டாம் என்கிறாள். கணவருக்குத் தெரியும், அவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் பர்மிய அரசாங்கத்துக்கும், தெரிந்தால் என் அத்தைக்கும்.

இதில் ஜப்பானும் உண்டு. ஆண்கள் வேலைக்கு வெளிநாடு போக இப்போது இங்கே விடுவதில்லை; பட்டாளத்துக்கு ஆள் வேண்டுமாம். எனவே மதினி ஒரு வருடமாக மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படித்து, அங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். கிளம்புமுன் மருத்துவப் பரிசோதனை. கர்ப்பம் என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். பிள்ளை பெற ஆளில்லாமல் கிழடாகிப்போன ஒரு நாடு, தன் கிழவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் வயிற்றில் பிள்ளை இருக்கக் கூடாது என்கிறது.

நான் சும்மா இருப்பேனா? சட்டம் படித்துவிட்டு ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களுக்குக் கமா போட்டுக்கொண்டிருப்பவள். தூக்கத்தை விட்டுப் படித்தேன். பர்மாவின் தண்டனைச் சட்டத்தைத் திறந்ததும் சொந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கியதுபோல் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பிரிவு. நாங்கள் கல்லூரியில் மனப்பாடம் செய்த அதே எண், அதே வாசகம். தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் தவிர, கருவைக் கலைத்தவருக்கு மூன்றாண்டு வரை சிறை. வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழாண்டு வரை. தானே கலைத்துக்கொண்டவளுக்கும் அதேதான். மின்விசிறி வராத காலத்தில் கல்கத்தாவில் சில வெள்ளைக்காரர்கள் வியர்த்துக்கொண்டே எழுதிய சட்டம். அந்த அறையில் யாருக்கும் கர்ப்பமாகும் வாய்ப்பில்லை.

நாங்கள் 1971-இல் தனியாக ஒரு சட்டம் போட்டு அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்தோம். அண்மையில் தண்டனைச் சட்டத்துக்கே புதுப் பெயர் சூட்டி எண்களை மாற்றினோம். வாசகத்தை மட்டும் பத்திரமாக அப்படியே எடுத்து வைத்துக்கொண்டோம். பர்மாக்காரர்கள் தெருப் பெயர்களை மாற்றினார்கள், நாட்டின் பெயரை மாற்றினார்கள், தலைநகரையே தூக்கி வேறிடத்தில் வைத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டை ஒருவர்கூடத் தூசி தட்டவில்லை. கதவும் வைக்கவில்லை.

எனவே திட்டம் எளிது: மதினியைச் சென்னைக்குக் கூட்டி வருவது. அங்கே நம் சட்டம் கை நீட்டி வரவேற்கும். விமானத்தில் வரும்போது எனக்கு நம் பாராளுமன்றத்தின்மேல்கூடக் கொஞ்சம் பாசம் வந்தது.

நகருக்குள் போகும் டாக்சியில் என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார் ஓட்டுநர். காரணம் மரியாதை என்று நினைத்தேன். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. கார்களோ ஜப்பானிலிருந்து வந்த பழசு, ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். முன்னால் ஒரு லாரி போனால் எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் புருவத்தைத் தூக்குவார், நான் தலையை ஆட்டுவேன், வண்டி பாயும். எனக்கு சைக்கிளே சரியாக ஓட்ட வராது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அத்தை வீடு பபேடானில், ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்குகிறது, கீழ் நுனியில் கிளிப், மேல் நுனியில் மணி. டீக்கடைப் பையனோ தபால்காரரோ கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். கிளிப்பில் மாட்டியதை நீங்கள் இழுத்துக்கொள்ளலாம். கீழே நின்று பார்த்தால் மொத்தக் கட்டடத்துக்கும் குளுக்கோஸ் ஏற்றியிருப்பதுபோல் இருக்கும்.

மூச்சிரைக்க உள்ளே நுழைந்தால் மதினி பால்கனி ஓரத்தில் பாயில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தனித் தட்டு, தனி டம்ளர். சாமி அலமாரியில் அத்தை விளக்கேற்றிக்கொண்டிருந்தார். "அது மூணு நாள் தூரம். தொட்டுராதே, நீ குளிச்சுட்டு வா" என்றார். நாம் சென்னையில் எப்போதோ கைவிட்டு, வாட்ஸப்பில் பெருமையாகப் பேசுகிற பழக்கம், இங்கே இரண்டு அறை வீட்டில், ஐந்து பேருக்கு நடுவில், இம்மியும் குறையாமல் நடக்கிறது.

எனக்கோ சிரிப்பும் சந்தோஷமும். தூரம் என்றால் கர்ப்பம் இல்லை. பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது. அத்தை அடுப்படிக்குப் போனதும் மதினியின் பக்கத்தில் போய்க் கண்ணடித்தேன்.

"சும்மா உக்காந்திருக்கேன்" என்று வாயை அசைக்காமல் சொன்னாள். "போன மாசமும் உக்காந்தேன். விளக்கை விடாம ஏத்துனா அம்மாவுக்கு வெளங்கிரும்."

மின்சாரம் போயிற்று. தெருவே ஒரு பெருமூச்சு விட்டது.

மறுநாள் டாக்டர். மூன்று நாள் முடிந்ததாக அறிவித்து, தலைகுளித்து, எனக்கு ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி மதினி என்னை அழைத்துப் போனாள். வெளியே கிளம்புமுன் இங்கே ஒரு சடங்கு உண்டு. நாம் செருப்பைத் தேடுகிற நேரத்தில் இவர்கள் போனிலிருந்து விபிஎன்னை அழிக்கிறார்கள். தெருமுனையில் சோதனை; அது போனில் இருந்தால் பிடித்துக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் மறுபடி ஏற்றுகிறார்கள்.

காலைச் சாப்பாடு தெருவோரத்தில். என் அப்பா குடும்பம் அறுபதுகளில் கப்பலேறி வந்து வியாசர்பாடியில் இறங்கியது. அத்தை வழி இங்கேயே தங்கிவிட்டது. அதனால் சென்னையில் பீச் ஸ்டேஷன் அருகே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் தின்று வளர்ந்த எனக்கு, அதன் தாய்வீட்டில் தின்னப் பெரும் ஆவல். வந்த தட்டைப் பார்த்து மனம் உடைந்தது. ஆரஞ்சு நிறம் எங்கே, மொறுமொறு பேஜோ வறுவலை நொறுக்கிப் போட்ட சத்தம் எங்கே, எரியும் காரம் எங்கே? நாம் அதை எப்போதோ வடசென்னைக்காரனாக்கிவிட்டோம். மதினி என் முகத்தைப் பார்த்து, மொஹிங்கா வாங்கித் தந்தாள். மீன் குழம்பில் சேமியாவை மிதக்க விட்டதுபோல் இருக்கும் அதை நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

டாக்டரம்மாவின் அறையில் ஜெனரேட்டர் சத்தம். அவர் அழகான ஆங்கிலம் பேசினார். பரிசோதித்துவிட்டு, இரண்டு மாதம் என்றார், வாழ்த்துச் சொன்னார், சத்து மாத்திரை எழுதினார். மதினி பர்மிய மொழியில் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். டாக்டரம்மா புன்னகை மாறாமல், அடுத்த வாரம் வாருங்கள், பார்க்கலாம் என்றார். நான் உற்சாகமாக எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மேசைக்கடியில் மதினி என் காலை மிதித்தாள். அது இந்த ஊர் வழக்கமாம்: முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மட்டு மரியாதை இல்லை, அதனால் அடுத்த வாரம் என்பார்கள். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்பார்கள்.

நான் விடவில்லை. சட்டத்தில் உயிரைக் காப்பாற்ற என்று விலக்கு இருக்கிறதே என்றேன்.

"இருக்கிறது" என்றார் டாக்டரம்மா. "உங்கள் சகோதரியின் உயிருக்கு ஆபத்து இல்லை. நல்ல ரத்த அழுத்தம், நல்ல இதயம். வெளியே எங்காவது போய் ஏதாவது செய்துகொண்டு ரத்தப்போக்கோடு வந்தால் நான் கட்டாயம் பார்ப்பேன். அதற்குத் தடை இல்லை."

அதாவது சாகப்போகிற நிலையில் வந்தால் கதவு திறக்கும். நடந்து வந்தால் சத்து மாத்திரை.

படியிறங்கும்போது மதினி அந்தச் சீட்டை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டே வந்தாள். "சயாமா நல்லவங்கதான்" என்றாள். சயாமா என்றால் இங்கே டாக்டரம்மா, டீச்சரம்மா எல்லாரும். "நல்லவங்களா இருந்து என்ன, மயபூ." மயபூ என்றால் முடியாது, கிடையாது, இல்லை. நான் ரங்கூனில் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

மூன்றாம் நாள் லைங் தாயா, நகர ஓரத்து ஃபாக்டரிப் பகுதி. ஜப்பானிய மொழிக்கு மாறுமுன் மதினி அங்கே தையல் ஃபாக்டரியில் ஒரு வரிசைக்கு மேஸ்திரி. பழைய தோழி ஒருத்தி ஒரு மருத்துவச்சியின் இடத்தைச் சொல்லியிருந்தாள். சென்னைப் பயணத்துக்கு அம்மாவிடம் என்ன பொய் சொல்வதென்று மதினிக்குத் தெரியவில்லை. இங்கேயே முடிந்தால் நல்லது என்று நினைத்தாள். நான் வேண்டாம் என்று கத்தாத குறை. பார்க்கத்தானே போகிறோம் என்றாள்.

பஸ் பாலத்தின்மேல் ஏறியதும் உயிரை விட்டது. எல்லாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் என்றால் நடத்துநரின் பரம்பரையே இழுக்கப்பட்டிருக்கும். எங்களுக்கு முன்னால் கன்னத்தில் தனாக்கா மரச்சாந்து பூசிய இரண்டு ஃபாக்டரிப் பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். மதினி அவர்கள் பேச்சை எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். மாதவிலக்குச் சூரணம் ஒன்றைப் பற்றிப் பேச்சு. எது நல்லது என்று ஒருத்தி கேட்க, மற்றவள் சொன்னாள்: "கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்று டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை வாங்கு. சின்ன எழுத்தில் போட்டிருந்தால் வேலை செய்யாது." சட்டம் விளம்பரத்தைத் தடுத்தால் எச்சரிக்கையே விளம்பரமாகிவிடுகிறது.

மருத்துவச்சியின் வீடு சாக்கடைக்கு மேல் மூங்கில் கால்களில் நின்றது. உள்ளே டிவியில் கொரிய நாடகம். தரையில் இரண்டு பெண்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அந்த அம்மாள் வெற்றிலை மென்றுகொண்டு, ஒரு கண் நாடகத்தில், ஒரு கண் எங்களிடத்தில். அவர் கட்டைவிரல்கள் என் மணிக்கட்டளவு இருந்தன. வயிற்றை அழுத்துவாராம், தேவைப்பட்டால் வேறு வழியும் வைத்திருக்கிறாராம். என் கைபட்ட யாரும் இதுவரை திரும்பி வந்து குறை சொன்னதில்லை என்றார். திரும்பி வர ஆட்கள் இருந்தார்களா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது என்று மதினி கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் அவர். "என் பெயரைச் சொல்லாதே."

நேற்று டாக்டரம்மா சொன்னதோடு இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். ஒருவர் தள்ளிவிடுவார், இன்னொருவர் தூக்குவார். நடுவில் விழுவது மட்டும் மதினியின் வேலை.

வரிசையில் இருந்த பெண்களில் இளையவள் எங்களைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாக்டரி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். மதினி அவளிடம் குனிந்து என்னவோ சொன்னாள். அவள் ஏதோ கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி மறுத்தாள். தெருவுக்கு வந்தபிறகு என்ன சொன்னாய் என்று கேட்டேன். தன்னோடு வந்துவிடச் சொன்னாளாம். "எங்கிட்டுப் போறதுன்னு கேட்டுச்சு. எனக்கே தெரியாது, நான் என்ன சொல்ல" என்றாள்.

நான்காம் நாள், குட்டு உடைந்த நாள். உடைத்தது கயிறு.

மதினியின் கணவர் செல்வம் அண்ணனுக்குத் தெரு முக்கில் போன் பழுதுபார்க்கும் பெட்டிக்கடை. பட்டாள வயதுள்ள ஆண்கள் தேவையில்லாமல் நடமாடுவதில்லை. கடை, வீடு, கடை. மனைவிக்கு உதவியாகத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம். எங்களிடம் சொல்லாமல், மார்க்கெட்டில் மருந்து விற்கிற ஒருவரிடம் சொல்லி மாத்திரை வரவழைத்துவிட்டார். கொண்டுவந்தவனுக்கு ஐந்தாம் மாடிக் கயிறு எது, நான்காம் மாடிக் கயிறு எது என்று தெரியவில்லை. சிவப்பு கிளிப் என்று சொல்லியிருந்தார்களாம். இரண்டு வீட்டிலும் சிவப்பு கிளிப்.

நான்காம் மாடியில் இருப்பவர் டோ தின். ஓய்வு பெற்ற நர்ஸ், பர்மியப் பெண்மணி. பொட்டலத்தைக் கையில் ஏந்தி, எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பணிவாக வந்து நின்றார். இது உங்களுக்கு வந்தது, தவறி என் கயிற்றில் மாட்டிவிட்டார்கள் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, யாருக்கு வயிற்றுப் புண் என்று கேட்டார். வயிற்றுப் புண்ணுக்கும் அந்த மாத்திரைதானாம். பாவம், எங்களுக்கு ஒரு வழி விட்டுக் கேட்டார்.

"எனக்குத்தான், அல்சரு" என்றார் செல்வம் அண்ணன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிடித்த இடம் தப்பு.

"நீ சும்மா இரு, கோ செல்வம்" என்றார் அத்தை. ஆத்திரம் வந்தால்தான் மருமகனுக்கு அவர் கோ போட்டு மரியாதை கொடுப்பது. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு அனு வந்தப்போ மூலையில உக்காந்தே. அதுக்கு முந்தின மாசமும் உக்காந்தே. இந்த வீட்டுல குப்பைப் பையைக் கட்டுறது யாரு? நான்தான் கட்டுறேன். ரெண்டு மாசமா அதுல ஒரு பஞ்சு விழல. என்னை என்னான்னு நெனச்சே?"

முந்நூற்றுப் பன்னிரண்டை அமல்படுத்த அரசாங்கத்துக்குப் போலீஸ், கோர்ட், சிறை எல்லாம் வேண்டும். அத்தைக்கு ஒரு குப்பைப் பை போதும்.

டோ தின் போகாமல் நின்றார். தமிழ் தெரியாவிட்டாலும் நடப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அட்டையிலிருந்து வெட்டின மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிக்காட்டி, மெதுவாகப் பேசினார். செல்வம் அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார். இதில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மருந்தாகவும் இருக்கலாம், சுண்ணாம்பாகவும் இருக்கலாம். வார்டில் இருந்தபோது எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். போலீசுக்குப் பயந்து தாமதமாக வந்தவர்களைத்தான் எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இப்போது ஊரடங்கு, பயப்படாதவர்களுக்கும் ராத்திரியில் வண்டி இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, பொட்டலத்தைச் செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

"இதைத் திங்கப் பாத்தியா?" என்று அத்தை கேட்டார். குரல் முதல்போல் இல்லை.

"இது வர்றதே எனக்குத் தெரியாது அம்மா."

"மூணாவது புள்ளை. சோத்துக்கா பஞ்சம்? ரெண்டையும் யாரு வளத்தா? இதையும் வளக்க மாட்டேனா? சப்பான் எங்கிட்டு ஓடிரும்?"

மதினி நின்றுகொண்டிருந்தவள், அந்தப் பால்கனி ஓரத்தில், அன்றைக்குப் பொய்யாக உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். "நீதான் வளத்தே. இல்லேன்னு சொல்லல. சப்பானுக்குப் போனாதான் ரெண்டுக்கும் படிப்பு. ஆனா சப்பானுக்காக மட்டும் சொல்றேன்னு நெனக்காதே அம்மா. சப்பான் இல்லாட்டியும் எனக்கு வேணாம். நான் பெத்து முடிச்சாச்சு."

அத்தை அடுப்படிக்குப் போய் என்னவோ அரைக்கத் தொடங்கினார். மின்சாரம் இல்லை; அம்மியில். அன்றைக்கு மூன்று வேளைக்கும் காரமான சட்னி.

ஐந்தாம் நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. பொட்டலம் மட்டும் செருப்பு அலமாரியிலிருந்து காணாமல் போயிருந்தது. தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ" என்று கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். நம் பொன்னாட்டுச் சட்டத்தை மதினிக்கு நேரடி ஒலிபரப்பில் காட்டும் ஆசையில், ஸ்பீக்கரில் போட்டுச் சென்னையில் ஒரு மருத்துவமனையைக் கூப்பிட்டேன்.

வரவேற்பில் இருந்த பெண், வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும் என்றாள். கணவர் சம்மதம் சட்டப்படி தேவையே இல்லை, வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்றேன். "சட்டத்துல வேணாம் மேடம். எங்க ஆஸ்பத்திரியில வேணும்" என்றாள். அடுத்த இடத்தில் கணவர் இல்லையென்றால் மாமியாராவது வரட்டும் என்றார்கள். மூன்றாவது இடத்தில் எனக்கு அறிவுரை கிடைத்தது; கடவுள் கொடுப்பதை மறுக்கக் கூடாதாம். கடவுள் கொடுத்த கண்புரையை அவர்கள் அதே மாடியில் சலுகை விலையில் அகற்றுகிறார்கள்.

மதினி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இங்க போலீசு, அங்க ரிசப்சன்" என்றாள்.

நாலாவதாக, என்னோடு படித்தவள் சொல்லிவிட்ட ஒரு சின்ன கிளினிக். டாக்டரே எடுத்தார். எத்தனை வாரம், முதல் இரண்டும் சுகப்பிரசவமா, வேறு சீக்கு உண்டா என்று கேட்டார். கணவரைப் பற்றிக் கேட்கவே இல்லை. வரச்சொல்லுங்க என்று வைத்துவிட்டார்.

போவதற்கு இடம் கிடைத்தது. போவதற்குக் காரணம்தான் இல்லை. ஜப்பான் பயணத்தை வைத்துக்கொண்டு மதினி திடீரென்று சென்னைக்கு ஏன் பறக்கிறாள்? தெருவுக்கு என்ன சொல்வது?

அதை அத்தை முடித்து வைத்தார். அன்று சாயங்காலம் படிக்கட்டில் மூன்றாம் மாடிக்காரியிடம் அவர் சத்தமாகச் சொல்வது எங்கள் காதில் விழுந்தது. "சந்திரா பழனிக்குப் போவுது. சப்பான் வேலை கெடச்சா மொட்டை போடுறதா வேண்டுதல். இந்தப் புள்ளை கூட்டிக்கிட்டுப் போவுது." மேலே வந்து எங்களைப் பார்க்காமலே அடுப்படிக்குள் போனார். மதினி என் கையைப் பிடித்தாள், எலும்பு நோக.

அத்தை ஒன்றை மறந்துவிட்டார், அல்லது தெரிந்தேதான் சொன்னாரோ. இங்கே தமிழர் வீட்டில் யாராவது இந்தியாவுக்கு சாமி கும்பிடப் போகிறார்கள் என்றால், தெருவே தன் வேண்டுதலை அவர்களிடம் கொடுத்துவிடும். மறுநாள் விடிந்ததிலிருந்து மணி ஓயவில்லை. கயிற்றை இழுக்க இழுக்க மஞ்சள் துணி முடிச்சுகள், வெள்ளிக் கண்மலர், ஒரு குழந்தையின் முதல் முடி, காதுவலி தீர ஒரு சின்ன வெள்ளிக் காது, யாரோ எழுதிய பரீட்சை எண். என் பெட்டியில் இட்லிக் குக்கர் இருந்த இடம் முழுக்க முருகனின் பாக்கி வேலைகள். ஒருமுறை கயிறு ஏறும் வழியில் நான்காம் மாடியில் நின்றது. மேலே வந்தபோது கிளிப்பில் மல்லிகைச் சரமும், தடித்த நாப்கின் பொட்டலம் ஒன்றும் இருந்தன. டோ தின்னுக்குப் பழனி தெரியாது. அதை வாங்கிச் சாமி அலமாரிக்குப் பக்கத்திலிருந்த பையில் அத்தையே வைத்தார்.

விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி மதினியை வெகுநேரம் பார்த்தார். எதற்குப் போகிறாய்? சாமி கும்பிட. கணவன்? இங்கே. பிள்ளைகள்? இரண்டு, அவர்களும் இங்கே. அவர் முகம் தெளிந்தது. பிள்ளைகளை விட்டுப் போகிறவள் திரும்பி வருவாள். முத்திரை குத்தினார். பிள்ளைகள் இருப்பதால்தான் அவளால் நாட்டை விட்டுக் கிளம்ப முடிந்தது.

சென்னையில் என் அம்மாவுக்கும் பழனி என்றே சொல்லியிருந்தோம். அம்மாவும் உண்டியலுக்குப் போட ஒரு முடிச்சு தந்தார். மதினி எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி, அடுத்த வாரம் நிஜமாகவே பழனிக்குப் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மொட்டை பற்றி மட்டும் முருகனிடம் பேசிப் பார்ப்பாளாம்.

கிளினிக்கில் டாக்டர் சொன்னபடியே இருந்தார். வயதானவர், அவசரமில்லாத கை. எல்லாவற்றையும் மதினியிடமே நேரில் கேட்டார், என்ன செய்யப்போகிறார் என்று பொறுமையாக விளக்கினார். நான் சும்மா நாற்காலியில் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு பேனாவைத் திறந்தார்.

"காரணம் என்னம்மா?"

"வேணாம், சயாமா."

"அது சரி. காரணம் ஏதாச்சும் எழுதணும். உடம்புக்கு ஆகாதுன்னு எழுதலாம். மனசுக்கு ஆகாதுன்னு எழுதலாம். கருத்தடை பண்ணியும் தவறிப்போச்சுன்னு எழுதலாம்."

எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி முதல் வகுப்பு வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்தச் சட்டத்தில் 'வேணாம்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு இடமில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நாம் வைத்த கதவுக்கும் ஒரு வாட்ச்மேன் இருக்கிறான். அவனுக்கு வேண்டாம் என்றால் புரியாது.

மதினி யோசித்தாள். "உறை தவறிப்போச்சுன்னு எழுதுங்க. போட்டிருந்தோம். என்ன ஆச்சுன்னு நான் எங்க பாத்தேன்" என்றாள்.

டாக்டர் எழுதினார்.

"எனக்கு வேணாங்குறதையும் ஒரு ஓரத்துல எழுதிருங்களேன்."

"அதுக்கு இடம் இல்லம்மா."

"சரி. எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள் மதினி. கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, நர்ஸுக்குப் பின்னால் உள்ளே போனாள்.